அறிந்து வாங்குவோம்: காதுக்குள் போடும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ



சம்பளம் போட்ட மறுநாள் ஒரு தாய் என் ஆபிசுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஐயா, மகன் வெளிநாட்டிலிருந்து எடுக்கிறான். அவன் பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் பேசுறது அவனுக்குக் கேக்கவே இல்லையாம். ரெண்டு கிழமையா இப்படித்தான். அம்மா கோபமா இருக்கீங்களான்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்கான்" என்றார். டவுனில் ஒரு கடையில் காட்டினாராம். போனில் மைக் போய்விட்டது, புதுப் போன் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குக் கடன் கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

போனை வாங்கிப் பார்த்தேன். போனில் ஒரு பழுதும் இல்லை. பழுது ஹேண்ட்ஸ்ஃப்ரீயிலும் இல்லை. அது பாட்டுக் கேட்க மட்டும் செய்த சாமான். அதில் மைக்கே கிடையாது. மைக் இல்லாத இயர்போனைப் போட்டால் போன் தன்னிடமுள்ள மைக்கால்தான் குரலை எடுக்கும். இந்தத் தாயோ போனைத் துணிப்பைக்குள் வைத்து, பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசியிருக்கிறார். பிறகு எப்படிக் குரல் போகும்? இயர்போனைக் கழற்றி மகனுக்கு எடுக்கச் சொன்னேன். பேசினார்கள். கடன் தேவைப்படவில்லை.

ஒரு சின்னச் சாமானைப் பற்றித் தெரியாததால் ஒரு தாயும் மகனும் இரண்டு கிழமை மனவருத்தப்பட்டார்கள். புதுப் போனுக்குக் கடனும் ஏறப் பார்த்தது. ஆகவே இந்த முறை நமது பாடம், மைக் உள்ள ஹேண்ட்ஸ்ஃப்ரீயை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பாவிப்பது என்பதாகும்.

1. இந்தச் சாமானுக்கு இரண்டு வேலை

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் ஒலி உள்ளே வருவது ஒரு வேலை. நம் குரல் வெளியே போவது இன்னொரு வேலை. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பாட்டு இனிமையாகக் கேட்கிறது என்பதற்காக மைக் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

காதுக்குள் போகும் குமிழில் ஒரு சின்னக் காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், அதோடு ஒட்டிய மெல்லிய தகடும் இருக்கின்றன. போனிலிருந்து வரும் மின்சாரம் சுருளில் ஏறி இறங்கும்போது சுருள் ஆடுகிறது. அதோடு தகடும் ஆடிக் காற்றை அசைக்கிறது. அதுவே நமக்குப் பாட்டு. அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியில் இருந்த ஸ்பீக்கரும் இதே முறைதான். அது சாப்பாட்டுத் தட்டளவு, இது கடலை அளவு. அவ்வளவே வித்தியாசம்.

மைக் என்பது வயரில், நாடிக்குக் கிட்ட வரும் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை விரலாலோ சால்வையாலோ மூடினால் குரல் போகாது.

2. முதலில் பின்னைப் பாருங்கள்

போனில் செருகும் பின்னில் கறுப்பு அல்லது வெள்ளை நிறத்தில் வளையங்கள் இருக்கும். அவற்றை எண்ணுங்கள்.

இரண்டு வளையம் இருந்தால் அது பாட்டுக்கு மட்டும். மைக் இல்லை.
மூன்று வளையம் இருந்தால் பாட்டுக்கும் பேச்சுக்கும்.

ஏன் அப்படி? வளையங்கள் பின்னைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. இடது காதுக்கு ஒரு துண்டு, வலது காதுக்கு ஒரு துண்டு, மின்சாரம் திரும்பிப் போகும் பொது வயருக்கு ஒரு துண்டு. இதற்கு இரண்டு வளையம் போதும். மைக்கிற்கு நாலாவது துண்டு வேண்டும். அதற்கு மூன்றாவது வளையம் வேண்டும். என்னிடம் வந்த தாயின் பின்னில் இருந்தது இரண்டே வளையம்.

இன்னொரு சங்கதி. பழைய போன்கள் சிலவற்றில் மைக்கின் துண்டும் பொது வயரின் துண்டும் இடம் மாறி இருந்தன. அந்தக் காலத்து ஹேண்ட்ஸ்ஃப்ரீயை இன்றைய போனில் போட்டால் வாத்தியம் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போலிருக்கும். மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் சரியாகும், விட்டால் மறுபடியும் கெடும். அது உடைந்த சாமான் அல்ல, சேராத சாமான். பின்னை முழுவதும் உள்ளே தள்ளாவிட்டாலும் இதே மாதிரிக் கேட்கும். ஆகவே முதலில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள்.

இப்போது வரும் பல போன்களில் உருண்டையான ஓட்டையே கிடையாது. சார்ஜ் போடும் டைப்-சீ ஓட்டை மட்டும்தான். அதற்கென்று டைப்-சீ ஹேண்ட்ஸ்ஃப்ரீ விற்கிறார்கள். ஆனால் எல்லா டைப்-சீ ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. ஆகையால் கடைக்குப் போகும்போது போனையும் கையோடு கொண்டு போங்கள். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பாதிச் சோதனையைச் செய்ய முடியாது.

வயர் இல்லாத புளூடூத் குமிழ்களைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். பாவிக்கலாம். ஆனால் அதற்கும் சார்ஜ் வேண்டும். மைக் வாயை விட்டுத் தள்ளிக் காதோடு இருப்பதால் காற்றடிக்கும் மலையில் குரல் தெளிவாகப் போகாது. தேயிலைச் செடிக்குள் ஒன்று விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம்.

3. பெட்டியில் உள்ள எழுத்தை நம்பி வாங்காதீர்கள்

பெட்டியில் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கும். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை சுமாராக அதுதான். மலிவு, விலைகூடியது என்று பார்க்காமல் அனேகமாக எல்லாப் பெட்டியிலும் இதையே அச்சடிக்கிறார்கள். அதனால் அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

அதிலும் பேச்சுக்கு இது உதவவே உதவாது. சாதாரண தொலைபேசி அழைப்பில் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் போய்வருகிறது. குரலை விளங்கிக்கொள்ள அது போதும் என்று முன்னாளிலேயே கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். இப்போதைய நல்ல அழைப்புகளில் 7,000 வரை போகும். ஆகவே எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் சாதாரண அழைப்பில் மகனின் குரல் பாட்டைப் போல் இனிக்காது. அது சாமானின் குற்றம் அல்ல.

"எக்ஸ்ட்ரா பாஸ்" என்று பெரிய எழுத்தில் இருந்தால் அடி ஒலியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தப்புச் சத்தம் பிடித்தவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அடி ஒலி அதிகமானால் பேச்சு அமுங்கும்.

4. காதுக்குப் பொருந்துகிறதா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சோடி ரப்பர் மூடி இருக்க வேண்டும். நம்மில் பலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தரத்தோடு விட்டுவிடுகிறோம். மற்றவை குப்பைக்குப் போகின்றன.

ரப்பர் காதுத் துவாரத்தைச் சுற்றி அடைக்காவிட்டால் அடி ஒலி கசிந்து போய்விடும். பாட்டு தகர டப்பாவில் தட்டுவது போல் கேட்கும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவோம். காது கெடும். ரப்பரை மாற்றிப் போட்டாலே போதும், அதே ஹேண்ட்ஸ்ஃப்ரீ வேறு மாதிரிக் கேட்கும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு பக்கம் சின்னது, மறுபக்கம் நடுத்தரம் போட்டாலும் வெட்கமில்லை.

குமிழில் 'எல்' என்ற எழுத்திருந்தால் இடது, 'ஆர்' இருந்தால் வலது. காதில் போட்டு வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள். கழன்று விழுந்தாலும், பத்து நிமிடத்தில் காது வலித்தாலும் அது உங்களுக்கு ஏற்றதல்ல.

ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பலபேர் காதில் போட்டுப் பார்த்த ரப்பரை அப்படியே போட வேண்டாம். புது ரப்பர் கேளுங்கள். இல்லாவிட்டால் துடைத்துத் தரச் சொல்லுங்கள்.

5. பாட்டுச் சோதனை

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். சத்தத்தைப் பாதிக்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். பிறகு நாலு விசயம் கவனியுங்கள்.

அ. பாடுகிறவரின் சொல் ஒவ்வொன்றும் விளங்குகிறதா?
ஆ. தப்பு, தவில் போன்றவற்றின் அடி ஒலி 'தும்' என்று தனியாகக் கேட்கிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து 'பொம்' என்று குழம்புகிறதா?
இ. நாதஸ்வரம், புல்லாங்குழல், தாளம் காதைக் குத்துகிறதா?
ஈ. இரண்டு காதிலும் சத்தம் ஒரே அளவா?

இரண்டு ஹேண்ட்ஸ்ஃப்ரீயை ஒப்பிடும்போது ஒரு ஏமாற்றம் நடக்கும். சத்தம் கூடியது எதுவோ அதுதான் நல்லது என்று மனது சொல்லும். ஆகவே இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் கேட்கும்படி போனில் கூட்டிக் குறைத்து வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள்.

6. பேச்சுச் சோதனை

போனில் குரல் பதிவு செய்யும் வசதி இருக்கும். ஹேண்ட்ஸ்ஃப்ரீயைச் செருகி, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சாதாரணமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். இந்தச் சொற்களைச் சொல்லுங்கள்: மலை, மழை, பத்து, பட்டு, சம்பளம், சாமான், சின்னது. பிறகு கேளுங்கள். மலையும் மழையும் வேறு வேறாகக் கேட்டால் மைக் நல்லது. இரண்டும் ஒன்று போலக் கேட்டால் வேண்டாம். பிள்ளை வெளிநாட்டில் இருந்து "அங்கே எப்படி?" என்று கேட்க, நாம் "பெரிய மழை" என்று சொல்ல, அது வேறு விதமாகப் போய்ச் சேரக் கூடாதல்லவா?

அடுத்து, வயர் சட்டையிலோ ஸ்வெட்டரிலோ உரசும்படி நடந்து பாருங்கள். 'கறகற' என்று காதுக்குள் கேட்டால் வயரைக் காதுக்குப் பின்புறமாகச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். குறைந்துவிட்டால் பரவாயில்லை.

கடைசியாக, கடைக்கு வெளியே நின்று வீட்டாருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். பஸ் சத்தம், காற்று எல்லாம் இருக்கும் இடமே நல்ல சோதனை இடம். பேசும்போது மைக்கை வாய்க்கு நேரே பிடித்து ஊதுவது போல் பேசக் கூடாது. நாடிக்குப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரல் நமக்கே தலைக்குள் முழங்கும். அதனால் சிலர் மெதுவாகப் பேசுகிறார்கள், சிலர் லயமே கேட்கும்படி கத்துகிறார்கள். பேசும்போது ஒரு குமிழைக் கழற்றிவிடுவது நல்லது.

7. வயரும் பில்லும்

ஹேண்ட்ஸ்ஃப்ரீ அனேகமாகப் பழுதாவது இரண்டு இடத்தில்: பின் கிட்ட, குமிழ் கிட்ட. அங்கே ரப்பர்க் கழுத்து நீளமாக, வளைந்து கொடுக்கக் கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டை ஓடவிட்டு அந்த இரண்டு இடத்தையும் மெல்ல ஆட்டுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பில் வாங்குங்கள். இது பிச்சை கேட்பதல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. பில்லில் திகதியும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் எழுதியிருக்க வேண்டும். முறைப்பாடு இருந்தால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

நானும் ஏமாந்தவன்தான். ஒருமுறை பஸ் நிற்கும் இடத்தில், பில் இல்லாமல், ஆகக் குறைந்த விலைக்கு ஒன்று வாங்கினேன். பத்தே நாளில் ஒரு காது செத்துப்போனது. மறுபடி ஒன்று வாங்கினேன். அதுவும் போனது. மூன்று தடவை கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே நல்லதொன்று வாங்கியிருக்கலாம். ஒரு நாள் பேர் போடக் கூடை தூக்கி எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காசு பத்து நாளில் குப்பைக்குப் போகக் கூடாது.

8. புள்ளி போட்டுப் பாருங்கள்

பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புள்ளி போடுவது போல நாமும் போடலாம்.

காதுக்குப் பொருத்தம்: 4
பேச்சு, மைக்: 6
பாட்டு: 4
வயர், பின், கழுத்து: 4
பில், உத்தரவாதம்: 2
மொத்தம்: 20

ஒரு பேச்சுக்கு, முதலாவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ பொருத்தத்தில் 2, பேச்சில் 2, பாட்டில் 4, வயரில் 2, பில்லில் 0 எடுக்கிறது. மொத்தம் 10. இரண்டாவது 3, 5, 3, 3, 2 எடுக்கிறது. மொத்தம் 16. கடையில் பாட்டை மட்டும் கேட்டிருந்தால் முதலாவதைத்தான் வாங்கியிருப்போம். பிள்ளை தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி. அழைப்பே வராத, பாட்டு மட்டும் கேட்கிற இளைஞர் என்றால் பாட்டுக்கு 6, பேச்சுக்கு 4 என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எதற்காக வாங்குகிறோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

9. காது இரண்டுதான்

காதுக்குள்ளே ஆழத்தில் மயிர் போன்ற நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றன. பெரிய சத்தம் அவற்றை அழிக்கும். செத்தவை மீண்டும் முளைக்காது. கவாத்து வெட்டிய தேயிலை துளிர்க்கும், காது துளிர்க்காது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபெல் சத்தத்தில் கிழமைக்கு 40 மணித்தியாலம். சத்தம் 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணித்தியாலம். 86 என்றால் 10. 89 என்றால் 5 மட்டும். பிள்ளைகளுக்கு எல்லை இன்னும் குறைவு: 75 டெசிபெல். போனில் டெசிபெல் தெரியாவிட்டால் ஒரு சுலப வழி உண்டு. முழுச் சத்தத்தில் 60 வீதத்தைத் தாண்டாதீர்கள். 15 படி உள்ள போனில் 9ஆம் படியோடு நிறுத்துங்கள். கழற்றிய பிறகு காதுக்குள் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

இஸ்டோரில் வேலை செய்யும் தம்பிமார் ரோலர் சத்தத்தை அமுக்கப் பாட்டைக் கூட்டி வைக்கிறார்கள். இது இரட்டை ஆபத்து. மெசின் சத்தத்துக்கு மேலே பாட்டுச் சத்தமும் ஏறுகிறது. மெசின் பக்கத்தில் பாட்டு வேண்டாம்.

காதில் சீழ் வடிந்தால், புண் இருந்தால் போடக் கூடாது. வீட்டில் நாலு பேர் ஒன்றையே பாவித்தால் ஒவ்வொரு தடவையும் ரப்பரைக் கழற்றித் துடைக்க வேண்டும். குமிழின் வலையில் அழுக்கு அடைத்தால் காய்ந்த சின்ன பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம். கொண்டை ஊசியால் குமிழையும் குத்த வேண்டாம், காதையும் குத்த வேண்டாம். காது சரியாகக் கேட்காவிட்டால் மருந்தகத்துக்கு வாருங்கள். மழையில் நனைந்தால் துணியால் துடைத்துக் காற்றில் காய வையுங்கள், அடுப்பங்கரையில் அல்ல. சார்ஜ் ஏறும் போனில் வயரை மாட்டிக்கொண்டு பேசவும் கூடாது, படுக்கவும் கூடாது.

10. ஒரு காது மலைக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் ஒருவர் படிக்க, ஒருவர் தூங்க, ஒருவர் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே ஹேண்ட்ஸ்ஃப்ரீ பெரிய உதவி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலத்தில் சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கொழுந்து மலையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. குளவி கலைந்தால் முதலில் காப்பாற்றுவது பக்கத்து நிரைக்காரி போடும் சத்தம். அது காதில் விழாவிட்டால் ஓட வேண்டிய நேரத்தில் நாம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். ரோட்டில் பின்னால் வரும் லொறி, ரயில் பாதை, செடிக்குள் ஊரும் பாம்பு எல்லாவற்றுக்கும் காதுதான் காவல். மழைக்காலத்து இரவிலும் அப்படியே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. எச்சரிக்கை வந்த இரவில் காதை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

ஒற்றைக் காதில் கேட்டால் பாதிப் பாட்டுத்தானே வரும் என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. போன் செட்டிங்கில் 'மோனோ' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒரு காதிலேயே வரும். தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் போட்டுத் தருகிறேன். அப்படியும் மலையில் நிற்கும்போது வேண்டாம், வீட்டுக்கு நடந்து போகும்போது போதும்.

பயிற்சி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள்.
1. உங்கள் வீட்டு ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் பின்னில் எத்தனை வளையம்?
2. மலை, மழை என்று பதிவு செய்து கேளுங்கள். வேறுபாடு தெரிகிறதா?
3. ரப்பரை மாற்றிப் போட்டால் பாட்டில் என்ன மாற்றம்?
4. கிழமைக்கு 86 டெசிபெல்லில் எத்தனை மணித்தியாலம் கேட்கலாம்?

முதலில் சொன்ன அந்தத் தாய் பிறகு மூன்று வளையம் உள்ளதொன்றைத் தானே எண்ணிப் பார்த்து வாங்கிவந்து காட்டினார். பில்லையும் காட்டினார். "ஐயா, கடைக்காரத் தம்பிக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்று சிரித்தார். நீங்களும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுங்கள்.